"கண் இழுக்குது பிள்ளை"



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் எங்கள் தீவுப்பகுதிக் கிணறுகள் உவராகி வருவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் எழுதப்போவது நான் பல காலமாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு விடயம். அதில் என்னுடைய பிழையும் இருக்கிறது, அதனால்தான் தள்ளிப்போட்டேன். புரட்டாதி பிறந்துவிட்டது. மாரி வரப்போகிறது. இனியும் எழுதாமல் இருந்தால் அது இரண்டாவது பிழையாகிவிடும்.

நான் இந்த வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். ஊர்காவற்றுறைப் பக்கமாக ஒரு கிராமம். அங்கே எனக்கு நன்றாகப் பழக்கமான அக்கா ஒருவர் இருந்தார். 1990களின் தொடக்கத்தில் சிறுபிள்ளையாகத் தீவை விட்டு ஓடியவர். யாழ்ப்பாணம், பிறகு வன்னி, 2009இல் செட்டிகுளம் முகாம் என்று சுற்றி, கணவன் எங்கே என்று தெரியாத நிலையில், ஒரு பெண்பிள்ளையோடும் மாமியாரோடும் ஊருக்குத் திரும்பியிருந்தார். வளவு முழுக்கப் பற்றை. பழைய வீட்டின் சுவர் மட்டும் நின்றது. அதற்குப் பக்கத்தில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த காசில் ஒரு சின்ன வீடு கட்டத் தொடங்கி, கூரை போட்ட அளவில் நின்றுபோயிருந்தது. கதவுக்குச் சீலை கட்டியிருந்தார்கள்.

ஓர் ஐப்பசி மாதக் காலை, பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போக ஏழு மணிக்கே போனேன். பாயில் சுருண்டு படுத்திருந்தார்.

"என்னக்கா, சுகமில்லையோ?"

"விடியப்புறம் மூண்டு மணியிலயிருந்து வயித்துக்குள்ள முறுக்குது. ரெண்டு தரம் சத்தியும் எடுத்திட்டன். கண் இழுக்குது பிள்ளை. நித்திரை இல்லை."

முதல் நாள்தான் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கான ஒரு கூட்டத்துக்கு அவர் போய் வந்திருந்தார். அங்கே கணவனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருந்தேன். நான் படித்தது சமூகவியல். வேலைக்கு வந்த பிறகு உளவளத்துணைப் பயிற்சியும் எடுத்திருந்தேன். பெண்களின் துக்கம் வாயால் வராதபோது வயிற்று நோவாகவும் நெஞ்சடைப்பாகவும் தலையிடியாகவும் வரும் என்று அங்கே சொல்லித் தந்திருந்தார்கள். அது பொய்யல்ல, நானே பலரிடம் கண்டிருக்கிறேன். ஆகவே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அழ வேணும்போல இருந்தால் அழுங்கோ அக்கா" என்றேன்.

அவர் அழவில்லை. பேச்சுக் குழறியது. கொத்தமல்லித் தண்ணி கடைவாயால் வழிந்தது. இமைகள் பாதிக்கு மேல் மூடியிருந்தன. துக்கத்தை அடக்குகிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே ஒரு மணித்தியாலம் போயிற்று.

கிணற்றடியிலிருந்து வந்த மாமியார்தான் ஒரு பார்வையில் சொன்னார்: "இது அழுகை இல்லைப் பிள்ளை. இவளுக்குக் கண்ணைத் திறக்க ஏலாமல் கிடக்கு. இரவு ஏதோ பூச்சி தொட்டிருக்கு."

உடம்பில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. பிறகு தேடிப் பார்த்தபோதுதான் இடது தோளில் நுளம்பு கடித்ததுபோல இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஓட்டோவில் ஏற்றி அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவருக்கு மூச்சு மேல்மூச்சாகிவிட்டது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸில் போகும் வழி முழுவதும், பண்ணைப் பாலம் தாண்டும் வரைக்கும், ஒரு தாதி கையால் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். அன்று பின்னேரம் அயலவர்கள் வீட்டு மூலையில் அடுக்கியிருந்த பனைமட்டைகளைக் கிளறியபோது, கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்கள் உள்ள ஒரு பாம்பு கிடந்ததாம். கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள்.

அந்த அக்காவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த வைத்தியர் ஒருவர் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். பிறகு நானும் தேடி வாசித்தேன். அதைத் தெரிந்துகொண்டால் இந்த நோயாளியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும் என்பதால், இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

துறைமுகம் வரை ஒரு வழி, அதற்கப்பால் வேறு வழி

நாங்கள் ஒரு விரலை அசைக்க நினைத்தால் மூளையிலிருந்து நரம்பு வழியாக ஒரு செய்தி போகிறது. அது ஒருவகை மின் துடிப்பு. நரம்பு நேரே போய்த் தசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மின்சாரம் கம்பியால் பாய்வதுபோல் தசைக்குள் பாயும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நரம்பின் முனைக்கும் தசைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரை இருபதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவான இடைவெளி. கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் மின் துடிப்பால் அதைத் தாண்ட முடியாது.

எங்களுக்கு இது விளங்குவது லேசு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் குறிகாட்டுவான் வரைக்கும்தான் பஸ்ஸில் போகலாம். அதற்கப்பால் கடல். அங்கே பஸ் ஓடாது, படகுதான் வேண்டும். நரம்பு முனையும் ஒரு குறிகாட்டுவான்தான். மின் துடிப்பு அங்கே வந்து நின்றுவிடும். அதற்கப்பால் செய்தியைக் கொண்டுபோவது ஓர் இரசாயனப் பொருள். அதன் பெயர் அசற்றைல்கோலீன்.

அந்தப் பொருள் நரம்பு முனைக்குள் சின்னச் சின்னப் பைகளில் முன்கூட்டியே நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பைக்குள்ளும் அதன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். துறையில் மூட்டைகள் அடுக்கியிருப்பதுபோல, சில பைகள் முனையின் விளிம்பிலேயே ஆயத்தமாகக் காத்திருக்கும், மற்றவை பின்னால் இருக்கும். மின் துடிப்பு முனைக்கு வந்ததும் அங்குள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து கல்சியம் உள்ளே போகிறது. கல்சியம் உள்ளே வந்ததுதான் சைகை. விளிம்பில் நின்ற பைகள் மென்சவ்வோடு ஒட்டி, வாய் திறந்து, உள்ளிருப்பதை இடைவெளிக்குள் கொட்டிவிடுகின்றன. கொட்டப்பட்டது அக்கரைக்குப் போய்த் தசையிலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. பூட்டில் திறப்புப் பொருந்துவதுபோல. உடனே தசை சுருங்குகிறது. இவ்வளவும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். பிறகு ஒரு நொதியம் வந்து மிஞ்சிய அசற்றைல்கோலீனை உடைத்துத் துப்புரவாக்கும். உடைந்த துண்டுகளை நரம்பு முனை மீண்டும் உள்ளே எடுத்து, புதிதாகச் செய்து, பைகளை நிரப்பி வைக்கும்.

நாங்கள் இமைக்கும்போதும் விழுங்கும்போதும் மூச்செடுக்கும்போதும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. நித்திரையிலும் நிற்பதில்லை.

இதைக் கண்டறிந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான்

இடைவெளியைத் தாண்டுவது இரசாயனப் பொருள் என்று முதலில் நிரூபித்துக் காட்டியவர் ஒட்டோ லோவி. ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் வேலை செய்தவர். ஓரிரவு கனவில் ஒரு பரிசோதனை தோன்றியதாம். எழும்பித் துண்டில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் அந்த எழுத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இந்த முறை விடியும் வரைக்கும் காத்திருக்காமல் ஆய்வுகூடத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். அந்த இதயம் கிடந்த திரவத்தை மற்ற இதயத்துக்கு விட்டார். அதுவும் மெதுவாயிற்று. அப்படியானால் நரம்பு ஏதோ ஒரு பொருளை வெளியே விட்டிருக்க வேண்டும். 1921இல் இதை வெளியிட்டார். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. 1938இல் நாஸிகள் ஒஸ்ரியாவுக்குள் வந்ததும், யூதரான அவரைச் சிறையில் அடைத்தார்கள். அந்தப் பரிசுப் பணத்தையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் நாட்டை விட்டுப் போக விட்டார்கள்.

அந்தப் பொருள் பை பையாக வெளிவருகிறது என்று காட்டியவர் பேர்னாட் காட்ஸ். ஜேர்மனியின் லைப்ஸிக் நகரில் பிறந்த யூதர். 1935இல் நாடற்றவராக லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். தவளைத் தசைக்குள் மிக மெல்லிய மின்வாயைச் செலுத்தி, நரம்பு ஓய்வாக இருக்கும்போதும் இடைக்கிடை ஒரே அளவான சின்னச் சின்னத் துடிப்புகள் வருவதை 1950களின் தொடக்கத்தில் அவரும் போல் ஃபற் என்பவரும் கண்டார்கள். ஒரு பை தவறித் திறந்தால் ஒரு சின்னத் துடிப்பு. கட்டளை வந்தால் பல பைகள் ஒன்றாகத் திறந்து பெரிய துடிப்பு. இதற்காக 1970இல் காட்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

முகாமில் இருந்த பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று யாராவது சொன்னால் இந்த இருவரின் கதையையும் நான் சொல்வதுண்டு.

கட்டுவிரியன் செய்வது என்ன?

இப்போது அந்த அக்காவின் பாய்க்குத் திரும்பி வருவோம்.

கட்டுவிரியனின் நஞ்சில் உள்ள முக்கியமான ஒரு பொருள் நேரே போய்த் தாக்குவது இந்த நரம்பு முனையைத்தான். பங்காரோடொக்சின் என்று அதற்குப் பெயர். 1963இல் தாய்வானைச் சேர்ந்த சாங், லீ என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள இன்னொரு வகை விரியனின் நஞ்சிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இதில் பல வகை உண்டு. அவற்றில் ஒரு வகை நரம்பு முனைக்குள் இருக்கும் பைகளை வெறுமையாக்கிவிடுகிறது. பிறகு அந்த முனையையே சிதைத்துவிடுகிறது. மூளை கட்டளை அனுப்புகிறது, நரம்பில் மின் துடிப்பும் வருகிறது. ஆனால் துறையில் மூட்டையும் இல்லை, துறையும் இல்லை. அக்கரையில் தசை நல்ல நிலையில் இருந்தும், செய்தி வராததால் சும்மா கிடக்கிறது.

நாகபாம்பின் நஞ்சும் உடம்பை அசையாமல் செய்யும். ஆனால் அது செய்வது வேறு. அது அக்கரையிலுள்ள பூட்டை அடைத்துக்கொள்கிறது. ஆகவே அசற்றைல்கோலீனை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கும் ஊசி போட்டால், திறப்புகள் அதிகமாகி, சிலருக்கு விரைவில் குணம் தெரியும். கட்டுவிரியன் கடியில் அனுப்பவே பொருள் இல்லை. அதனால் அந்த வழி பெரிதாக உதவுவதில்லை.

முதலில் சோர்வது கண் இமை. பிறகு கண் அசைவு, தொண்டை, நாக்கு, கழுத்து, கைகால். கடைசியில் மூச்சுத் தசைகள். "கண் இழுக்குது" என்று அந்த அக்கா சொன்னது நித்திரைக் குறைவினால் அல்ல. அவருடைய நரம்பு முனைகளில் பைகள் தீர்ந்துகொண்டிருந்தன என்பதற்கு அது முதல் அடையாளம். எனக்குத் தெரியவில்லை.

இதயம் தானாகத் துடிப்பது, அதற்கு இந்த நரம்புகளின் கட்டளை வேண்டியதில்லை. மூளைக்குள் இந்த நஞ்சு லேசில் புகுவதும் இல்லை. சிலர் நினைவிழந்து போவதும் உண்டு. ஆனால் பலர் அசைய முடியாமல், கண் திறக்க முடியாமல் கிடந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் போகலாம். அதைக் கண்டு மூளை இறந்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது என்று அந்த வைத்தியர் சொன்னார்.

இலங்கையில் கண்ட உண்மை

எங்கள் நாட்டிலேயே செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. கிறிஸ்டீன் அரியரத்தினமும் அவருடன் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்டது. கடித்த பாம்பையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இனம் கண்ட 762 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 88 பேருக்குக் கடித்தது கட்டுவிரியன். அந்த 88 பேரில் ஒருவர் தவறாமல் எல்லோரும் வீட்டுக்குள்ளே, நிலத்தில் படுத்து நித்திரையாக இருந்தபோது, இரவு 11 மணிக்கும் விடியப்புறம் 5 மணிக்கும் இடையில் கடிபட்டவர்கள். புரட்டாதி தொடங்கிக் கார்த்திகை வரையான மாதங்களில்தான் கடி அதிகம். கடிவாயில் வீக்கம் கண்டவர்கள் 100க்கு 13 பேர்தான். கடுமையான வயிற்று நோவு வந்தவர்கள் 100க்கு 71 பேர். மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் 100க்கு 64 பேர். இறந்தவர்கள் 100க்கு 6 பேர்.

இதை வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். வயிற்று நோவு, விடியப்புறம், ஐப்பசி, நிலத்தில் பாய். எல்லாம் அன்று என் கண்முன்னே இருந்தவை.

இந்த எண்களில் இன்னொன்றும் இருக்கிறது. மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் 64 பேர், இறந்தவர்கள் 6 பேர். இடையிலுள்ள அத்தனை பேரையும் காப்பாற்றியது அவர்களுக்காக மூச்சுவிட்ட இயந்திரமும் பக்கத்தில் இருந்து பார்த்த தாதிமாரும்தான். நஞ்சு முறிப்பு மருந்து இரத்தத்தில் இன்னும் சுற்றுகிற நஞ்சைப் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்துபோன நரம்பு முனையை அதால் மீட்க முடியாது. அந்த ஆய்வில் இந்த மருந்தால் கண்கூடான பயன் தெரியவில்லை என்றும், பலருக்கு ஒவ்வாமை வந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே அதை வைத்தியர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். இங்கே பாவிக்கும் மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியைச் சேகரிப்பது சென்னைக்கு அண்மையில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

சிதைந்த நரம்பு முனை திரும்பவும் வளரும். அதற்குச் சில நாட்கள் செல்லும், சிலருக்குச் சில வாரங்கள்கூட ஆகும். அதுவரை மூச்சை யாராவது தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

கட்டிலருகே பேசியது

அக்கா இயந்திரத்தில் இருந்தது பதினொரு நாட்கள். மூன்றாம் நாள் உறவினர்கள் வந்து சுற்றி நின்றார்கள். கண் மூடியிருக்கிறது, தொட்டாலும் அசைவில்லை. "இனி எழும்ப மாட்டாள்" என்று ஒருவர் சொன்னார். "பிள்ளையை என்ன செய்யிறது? மாமியும் வயசு போனவ. எங்கயாவது விடுதியில சேர்த்துவிடுவம்" என்றார் இன்னொருவர். சமூக சேவையாளர் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் அவருடைய கட்டிலருகில் நின்றுகொண்டே, "நல்ல இடம் ஒண்டு எனக்குத் தெரியும், விசாரிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

அப்போது அங்கே வந்த வைத்தியர் எங்களை வெளியே கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "அவவுக்குக் காது கேக்கும். நீங்கள் கதைக்கிறதெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறா. கதைக்கிறதெண்டால் அவவோட கதையுங்கோ." மேலே நான் எழுதிய விளக்கத்தை அன்றுதான் அவர் சொல்லித் தந்தார்.

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் அவரோடு பேசினேன். இன்றைக்கு என்ன கிழமை, வெளியே மழையா வெயிலா, பிள்ளை பள்ளிக்கூடம் போனாளா, என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூச்சை இயந்திரம் விடுகிறது, நரம்பு முனை வளர்கிறது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். ஆறாம் நாள் வலது காலின் சின்ன விரல் அசைந்தது. பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். தொண்டை கரகரத்து, காற்றுப்போல வந்த முதல் பேச்சு இதுதான்:

"என்ர பிள்ளையை ஒரு இடமும் விடாதேங்கோ."

அவர் என்னைக் கோபிக்கவில்லை. பின்னொரு நாள் நானாகவே மன்னிப்புக் கேட்டேன். "நீ கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாய், அது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை, அண்டைக்கு எனக்கு அவரை நினைச்சு ஒரு கவலையும் இல்லை. வயித்து நோதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். போரில் எல்லாம் இழந்த பெண் என்றால் அவருக்கு வருகிற எல்லா நோவும் போரால் வந்தது என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம். அவருக்கும் மற்றவர்களைப்போல ஓர் உடம்பு இருக்கிறது. இப்போது யாராவது என்னிடம் நோவு என்று சொன்னால், முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் கவலையைப் பற்றிய பேச்சு. இதே வேலை செய்கிற தங்கைமாருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

நிலத்தில் படுப்பது யார்?

88 பேரும் நிலத்தில் படுத்தவர்கள் என்று மேலே எழுதினேன். எங்கள் வீடுகளில் நிலத்தில் படுப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கட்டில் இருந்தால் அது வீட்டு ஆண்மகனுக்கு, அல்லது வருத்தக்காரருக்கு, அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு. பெண்களும் பிள்ளைகளும் பாயில். ஆண்துணை இல்லாத வீட்டில் கட்டிலே இல்லை. கல்வீடு கிடைத்த பிறகும் பலர் கட்டிலை ஆடம்பரம் என்றே நினைக்கிறார்கள். மாரியில் வெள்ளம் பற்றைக்குள் ஏற, எலியும் பல்லியும் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வரும். அவற்றைத் தேடிக் கட்டுவிரியனும் வரும்.

கட்டில் வாங்கக் காசில்லை என்றால் நுளம்பு வலையாவது கட்டுங்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருக வேண்டும். வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று நேபாளத்தில் செய்த ஆய்வு ஒன்று 2007இல் காட்டியிருக்கிறது. எங்கள் மாதர் சங்கத்தில் சுழற்சிக் கடன் கொடுக்கும்போது, ஆடு, கோழி, தையல் இயந்திரம் என்று கேட்கும் சகோதரிகளிடம், கட்டில் இருக்கிறதா என்றும் நான் இப்போது கேட்கிறேன். நான்கு கல்லும் இரண்டு பலகையும் இருந்தால்கூட நிலத்திலிருந்து உயர்ந்து படுக்கலாம்.

மனதில் வைத்திருக்க வேண்டியவை

1. நிலத்தில் படுத்தவருக்கு விடியப்புறம் காரணமில்லாத வயிற்று நோவோ சத்தியோ வந்து, கண் இமை சோர்ந்தால், விழுங்கக் கடினமானால், பேச்சுக் குழறினால், கடித்த காயம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. இறுக்கிக் கட்டுவது, வெட்டுவது, உறிஞ்சுவது வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். விழுங்கக் கடினமானவருக்குக் கோப்பியோ கொத்தமல்லியோ கொடுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

3. அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். காசு இல்லை.

4. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுச் சகோதரிகள் காலைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டாம். இரவே உங்கள் தீவின் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேலே அனுப்புவதை அவர்கள் ஒழுங்கு செய்வார்கள். ஆஸ்பத்திரி, கிராம அலுவலர், படகு வைத்திருப்பவர் ஆகியோரின் தொலைபேசி இலக்கங்களை இன்றே ஒரு மட்டையில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

5. விசகடி வைத்தியரிடமும் நம்பிக்கை உண்டு, நாகபூசணி அம்மனிடமும் நேர்த்தி உண்டு. அவை எங்கள் ஊரோடு பிறந்தவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் மூச்சைக் காப்பாற்றுவோம். நேர்த்தியைப் பிறகு நிறைவேற்றலாம். அந்த அக்கா அப்படித்தான் செய்தார்.

6. அசையாமல் கிடப்பவரின் அருகில் அவருக்குக் கேட்கக்கூடாத எதையும் பேசாதீர்கள். அவரோடு பேசுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். போன கிழமை நான் போனபோது நரம்பிணைப்புப் படம் ஒன்றை வரைந்து, பைகளுக்குப் பச்சை நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தாய் கட்டிலில் இருந்து பனை ஓலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். சங்கக் கடனில் வாங்கிய கட்டில்தான். இன்னும் இரண்டு தவணை இருக்கிறது.

உங்கள் வீட்டில் இன்றிரவு யார் நிலத்தில் படுக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள், சகோதரிகளே. அடுத்த மாதம் சந்திப்போம்.